தவிட்டுக்கு விற்ற மகனுக்கு

அய்யா தவிடா,

அன்றைக்குக் காலையில் நான் முதலில் கண்டது உன் உச்சிக்குழியைத்தான். எண்ணெய் தொட்டு வைக்கப் போன விரல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இறங்கியது. நீ அழவில்லை. உடம்பு சுடவும் இல்லை. முந்தின நாளிலிருந்து வயிறு போய்க்கொண்டிருந்தது, அதைப் பல் முளைக்கிற பேதி என்று வீட்டில் சொன்னார்கள். உச்சியில் மட்டும் ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பள்ளம். நான் விரலை எடுத்துக்கொண்டேன். அப்படி ஒரு பள்ளத்தை அதற்கு முன்பும் ஒரு தலையில் தொட்டிருக்கிறேன்.

நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும். ஒருவேளை பெண்கூடப் பார்த்திருப்பார்கள். இப்போது உனக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. எனக்குப் பத்தொன்பது நடக்கிறது. நாளை விடிந்ததும் பிரசவத்துக்காக ஆவூர்ப் பக்கம் இருக்கிற என் தாய்வீட்டுக்கு வண்டியேறுகிறேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. நீ பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்காளின் பிள்ளை. அவளை ஆத்தா என்கிறாய், என்னை அக்கா என்கிறாய். பிரசவத்துக்குப் போகிறவள் திரும்பி வருவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் மட்டும் அப்படிப் போய்த் திரும்பாதவர்களை எனக்குத் தெரியும். அதனால் எழுதி வைக்கிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. நீ யார் வயிற்றில் பிறந்தவன் என்று ஊருக்கே தெரியும், யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர்கள் சிரித்துச் சொல்வதற்கு முன்னால் நான் சிரிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நான் நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவள். யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கழுத்து குனிந்துகொள்ளும். ராஜா ஆட்சி முடிந்த வருஷம் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், ஆறாவதுக்கு விராலிமலைக்கு நடக்க வேண்டும் என்பதால். ஆனாலும் எழுத்து கையை விட்டுப் போகவில்லை. வாயில் வராதது கையில் வருகிறது.

உனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். நான் பெற்ற மூத்தவள். நன்றாகத் தவழ்ந்து, அடுப்படிச் சாம்பலை அள்ளித் தின்கிற வயது வரைக்கும் இருந்தாள். அவளுக்கு முதல் பல் தெரிந்த அன்று எனக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. கிணற்றடியில் யாரும் கேட்காமலே, "பல்லு மொளச்சிருக்கு" என்று சொன்னேன். கல்யாணமாகி வந்த ஊரில் நானாக வாயைத் திறந்து சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அதே வாரத்தில் அவளுக்கு வயிறு போனது. "தண்ணி காட்டாத. உள்ள போறதெல்லாம் வெளிய வந்துரும்" என்று உன் அத்தை சொன்னாள். உன் அத்தை, எனக்கு மதினி, உன் அப்பாவின் மூத்த அக்காள். தாய் இல்லாத தம்பியை வளர்த்தவள். அவளுக்குப் பிறந்தவை ஒன்றுகூடத் தங்காமல், புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். பிள்ளைகள் விஷயத்தில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது, ஏனென்றால் அவளைவிட அதிகமாக அந்தக் கஷ்டத்தைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. அவள் சொன்னபடி நான் தண்ணீர் கொடுக்கவில்லை. பாலும் கொடுக்கவில்லை. மூத்தவள் என் கழுத்தோடு வாயை வைத்து வேர்வையை நக்கினாள். நான் கழுத்தை நகர்த்திக்கொண்டேன். உச்சிக்குழி இறங்கியது அப்போதுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று மறுநாள் தெரிந்தது.

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மதினி மட்டும், "கெணத்தடியில போயி பல்லுன்னு சொன்னியாமே" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அதற்கப்புறம் நான் எங்கும் எதையும் சொல்லவில்லை.

நீ பிறந்ததும் உன்னை விற்றுவிடுவது என்று முடிவானது. பயந்துவிடாதே. இது நம் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைக் குப்பையில் போட்டு, பிள்ளைகள் நிறைய உயிரோடு இருக்கிற ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால், இந்த வீட்டைத் தேடி வருவது ஏமாந்து போய்விடும் என்று கணக்கு. தீட்டுக் கழித்த அன்று காலையில் உன்னைச் சுளகில் படுக்க வைத்து எருக்குழி ஓரத்தில் வைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெள்ளையம்மா அக்காள் ஏதோ அந்த வழியாகப் போகிறவள் மாதிரி இடுப்பில் கூடையோடு வந்தாள்.

"யாரு புள்ள இது, குப்பையில கெடக்கு?"

"யாரு புள்ளயோ. காலையில கூட்ட வந்தேன், கெடந்துச்சு" என்றாள் மதினி.

"மூக்கும் முழியுமா இருக்கே. நான் எடுத்துக்கிறவா?"

"சும்மாவா எடுப்ப?"

"ஒரு மரக்கா தவுடு தாரேன். அதுக்கு மேல இந்தக் கறுப்புப் பயலுக்குப் பெறாது."

எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாகூடச் சிரித்தார். பிறகு மதினி கதவுப் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, ஒனக்குப் புள்ள இருக்கா?" என்று கேட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தாள். "இல்ல" என்றேன். "சத்தமாச் சொல்லு." "எனக்குப் புள்ள இல்ல." உடனே வெள்ளையம்மா அக்காள் உள்ளே வந்து உன்னை என் மடியில் போட்டு, "எனக்குப் பால் வத்திருச்சு, ஒனக்குத்தான் இருக்கே, எம்புள்ளைக்குக் கொஞ்சம் குடு" என்றாள். அந்தத் தவிட்டை அன்று மாலையே நம் பசு தின்றுவிட்டது. உனக்குத் தவிடன் என்று பெயர் வந்தது.

விளையாட்டு மாதிரிதான் தொடங்கியது. ஆனால் மதினிக்கு அது விளையாட்டு இல்லை. நீ முதன்முதலாகக் குப்புற விழுந்தது என் கோரைப்பாயில். வீட்டில் வேறு யாருமில்லை. ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டு, தலையைத் தூக்கி, என்னைக் கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி பார்த்தாய். நான் கைதட்டவில்லை. உன்னை மறுபடி மல்லாத்தி, தூக்கிக்கொண்டு போய், வெள்ளையம்மா அக்காள் வீட்டு நடுவில் பாயை விரித்துப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். அங்கே நீ விழுந்த பிறகுதான் நீ குப்புற விழுந்ததாக ஆனது. அவள் பிள்ளைகள் ஆறு பேரும் கூச்சல் போட்டார்கள். உனக்கு முதல் சோறு அவள் ஊட்டினாள். பல் தெரிந்ததும் அவள் வீட்டில் கொழுக்கட்டை வேகவைத்து உன் தலையில் உதிர்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று எனக்கும் ஒரு கிண்ணத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்த அவளுடைய கடைசிப் பெண், "ஏ அக்கா, தவிடன் எங்க தம்பிதானே? அப்புறம் ஏன் ராத்திரியில ஒங்க வீட்டுல படுக்குறான்?" என்று கேட்டாள். "பால் குடிக்க" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அய்யா, உனக்குப் பிள்ளை பிறந்து அது குப்புற விழும்போது நீ கைதட்டு. எவர் முன்னாலும் தட்டு. உன் பெண்டாட்டி கிணற்றடியில் போய்ச் சொல்லட்டும். எதற்குப் பயந்து பேசாமல் இருந்தேனோ அது என் பேச்சுக்காகக் காத்திருந்து வரவில்லை என்று இப்போது எனக்குப் படுகிறது. முழுதாகப் படவில்லை. இருந்தாலும் நீ தட்டு. பதினாலு வயதுப் பெண்ணைக் கட்டாதே. கட்டி வைத்துவிட்டால், அவள் பேசவில்லை என்பதற்காக அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று இருந்துவிடாதே. உன் அப்பா நல்லவர். கடலைக் காட்டில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தே எத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுவார். என் முகத்தைப் பார்த்து எதையும் அவர் சொன்னதில்லை. "அக்கா சொல்லட்டும்" என்பார். அதோடு போய்விடுவார்.

வெள்ளையம்மா அக்காளையும் நீ தப்பாக நினைக்காதே. ஆறு பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டில் ஏழாவது கிண்ணம் வைத்தவள் அவள். மதினியையும் திட்டாதே. நீ பிழைத்து வந்த பிறகு உனக்கு மணல்வாரி அம்மை போட்டபோது, மதினிதான் தலைக்கு எண்ணெய் இல்லாமல், உப்பில்லாமல் தின்று கிடந்தாள். அம்மை இறங்கியதும், நான் வாய்விட்டுச் சொன்னதால்தான் அது வந்தது என்று சொல்லி, உன்னை இரண்டாவது முறை விற்றாள். அந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பால் மறக்கடித்து உன்னை வெள்ளையம்மா அக்காள் வீட்டோடு படுக்க வைத்தார்கள். மூன்று வயது முடிந்து குலசாமி கோயிலில் முடி இறக்கும்போது தவிட்டைத் திருப்பிக் கொடுத்து உன்னை வாங்கிக்கொள்ளலாம், அதுவரைக்கும் நான் உன்னைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வேலி ஓரத்தில் நின்று நீ "அக்கா" என்று கூப்பிட்டால் நான் "என்னப்பா" என்பேன். அவ்வளவுதான் இப்போது நமக்குள் பேச்சு. நீ முடி இறக்கும் நாளில் நான் இருப்பேனா என்று தெரியவில்லை.

நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதை உனக்கு வேறு மாதிரி சொல்வார்கள். திமிரில் சொன்னாள் என்பார்கள். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

உச்சிக்குழியில் விரல் இறங்கிய அந்தக் காலையில், மதினி மூத்தவளுக்குச் சொன்னதையே சொன்னாள். தண்ணீர் காட்டாதே. நான் தலையாட்டினேன். உன் அப்பா காட்டுக்குப் போயிருந்தார். உன்னை எடுத்துக்கொண்டு நேராக வெள்ளையம்மா அக்காளிடம் போனேன். நான் எந்த விஷயத்துக்கும் யாரிடமும் போனவள் இல்லை. ஆனால் நீ அவளுடைய பிள்ளை, அவளைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்பது அவர்களே போட்ட சட்டம். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒங்க புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகணும்."

அவள் கேழ்வரகு மாவு அப்பிய கையோடு வந்து உன் கண்ணைப் பார்த்தாள். தோலை இழுத்து விட்டாள். இழுத்த தோல் அப்படியே நின்றது. கையைக் கழுவிக்கொண்டு, "இரு, சேலை மாத்திக்கிட்டு வாரேன்" என்றாள். மதினி வாசலில் வந்து நின்று, "அங்கிட்டுப் போன புள்ள எதுடி திரும்பியிருக்கு?" என்றாள். "ஏங்க, எம்புள்ளய நான் எங்க வேணாலும் கொண்டுபோவேன். ஒங்களுக்கென்ன?" என்று வெள்ளையம்மா அக்காள் சொன்னதும், மதினி வழியை விட்டு விலகினாள். விற்றவள் அவள்தானே.

மெயின் ரோட்டில் பஸ் ஏறினோம். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், "யாரு புள்ளம்மா, இப்புடித் தொவண்டு கெடக்கு?" என்றாள். "எம்புள்ளதான். ஏழாவது" என்று வெள்ளையம்மா அக்காள் தயங்காமல் சொன்னாள். அந்த அம்மாள் அவள் நரைத்த தலையைப் பார்த்தாள், பிறகு என் மடியில் கிடந்த உன்னைப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து உன் வாயில் வைத்தேன். நீ சப்பினாய். வெள்ளையம்மா அக்காள் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கூட்டம். உன்னைப் பார்த்ததும் நர்சம்மா வரிசையை விட்டுவிட்டு நம்மை முன்னால் கூப்பிட்டாள். அந்த அவசரமே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. டாக்டர் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். நர்சம்மா உன்னை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தொடையில ஊசி குத்தி உப்புத்தண்ணி ஏத்தணும். ரொம்ப நேரம் ஆகும். ஆத்தாதான் கூட இருந்து பிடிச்சுக்கணும். உங்கள்ல யாரு ஆத்தா?"

நான் வெள்ளையம்மா அக்காளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"கேக்குறது காதுல விழலையா? யாரு பெத்தது?"

வெள்ளையம்மா அக்காள் என் முழங்கையில் இடித்தாள். "சொல்லு புள்ள."

"நீங்க சொல்லுங்கக்கா. ஒங்க புள்ள."

"பஸ்ஸுல சொன்னது பேச்சுக்கு. இங்க எப்புடிச் சொல்ல? எம்பேரு சொல்லி இதுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, அது எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுக்கிருமே. எனக்கு வீட்டுல ஆறு கெடக்குடி."

அவள் பயந்தது அவள் பிள்ளைகளுக்காக. நான் பயந்தது உனக்காக. என் பிள்ளை என்று நான் சொல்லிவிட்டால், மூத்தவளைத் தேடி வந்தது உன்னையும் கண்டுபிடித்துவிடும். இத்தனை மாதமாக அதற்குத் தெரியாமல் உன்னை வைத்திருந்தேன். என் வாயாலேயே காட்டிக்கொடுப்பதா என்று நின்றேன். நர்சம்மாவின் தோளில் உன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதை நேராக வைக்கக்கூட எனக்குக் கை நீளவில்லை.

தூணில் சாய்ந்திருந்த ஒரு கிழவர், "என்ன தாயி, ரெண்டு பேரும் முழிக்கிறீக? எங்கிட்டாச்சும் கெடந்து எடுத்தீகளா?" என்று கேட்டார்.

"குப்பையில கெடந்துச்சு" என்றாள் வெள்ளையம்மா அக்காள்.

அவள் பொய் சொல்லவில்லை, அய்யா. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்தது. சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய். ஆனால் நர்சம்மாவின் முகம் மாறிவிட்டது.

"குப்பையிலயா? எந்த ஊருக் குப்பை? எப்ப எடுத்தீங்க?"

"அது வந்தும்மா, தவுட்டுக்கு..."

"தவிட்டுக்கு வாங்கினீங்களா? பிள்ளையையா?" அவள் உன்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க, எங்கயும் போகக் கூடாது. பிள்ளை பொழச்சா அனாதைப் பிள்ளைங்க இருக்கிற எடத்துக்கு எழுதி அனுப்பிக்கிறோம். போலீசுக்கும் சொல்லணும்." வாசலில் நின்ற ஆளைப் பார்த்து, "இவங்கள விடாதப்பா" என்றாள்.

வெள்ளையம்மா அக்காள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நர்சம்மா திரும்பி நடந்தாள். அவள் முதுகுக்கு மேலே உன் முகம் என் பக்கமாக இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. நீ என்னைப் பார்த்தாயா, இல்லை, கண்தான் அப்படி நின்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளே ஒரு பச்சைக் கதவு. அந்தக் கதவைத் தாண்டிவிட்டால் நீ யாருடைய பிள்ளையும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. மதினி பிள்ளை தங்க வேண்டும் என்று செய்ததெல்லாம் கடைசியில் உன்னை நிஜமாகவே குப்பையில் கிடந்தவனாக ஆக்கிவிடும். நீ செத்தால் என்னிடம் தர மாட்டார்கள். பிழைத்தாலும் தர மாட்டார்கள்.

"அம்மா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவள் போய்க்கொண்டிருந்தாள்.

"எம்புள்ளம்மா அது."

தாழ்வாரத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். நர்சம்மாவும் நின்று திரும்பினாள். கழுத்து எப்போதும் போலக் குனியப் பார்த்தது. குனியவிடாமல் அவளையே பார்த்தேன்.

"நான்தான் பெத்தேன். எம்வயித்துப் புள்ள. இவன் தங்கணும்னு பொய்க்கு வித்தாக. நான்தான் பால் குடுக்குறேன். நேத்துச் சாயங்காலத்துல இருந்து ஒண்ணுக்குப் போகல. இவனுக்கு முன்னாடி ஒருத்தி இப்புடித்தான் போனா. என்னைய உள்ள விடுங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. "உனக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், "வா" என்றாள்.

வெள்ளையம்மா அக்காள் என் பின்னால் ஏதோ சொன்னாள். நான் திரும்பவில்லை. பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு மேசையில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். நர்சம்மா ஊசியை எடுத்துக்கொண்டு, "இறுக்கிப் பிடி, விட்டுறாத" என்றாள்.

நான் உன் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டேன்.